ஒரு ரூபாய் இட்லியும் இரண்டாம் நம்பர் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

காலை ஏழரை மணிக்கு சேலத்தில் ஏதாவது ஒரு அம்மா உணவகத்து வாசலில் போய் நின்று பாருங்கள். இட்லி ஒரு ரூபாய். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், ராத்திரி ஷிஃப்ட் முடித்த தறிக்காரர், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரருக்குத் துணையாக வந்தவர் என்று ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசையை நான் ஒரு அளவுகோல் மாதிரி பல வருடமாகப் பார்த்து வருகிறேன். தொழில் ஓடுகிற மாதத்தில் வரிசை சின்னது. தறி நின்றால், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு வேலை குறைந்தால், வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். நேற்றுவரை ஓட்டலில் சாப்பிட்டவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்து நிற்பார்கள்.

அந்த இட்லிக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகத்துக் கிடங்கிலிருந்து வருகிறது. இடமும் தண்ணீரும் அடுப்பும் மாநகராட்சி கொடுப்பது. மாவு கரைத்து ஆவியில் நிற்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். இதில் ஒருவர் ஒருநாள் தவறினால் அன்றைக்கு இட்லி இல்லை. இதில் சிக்கல் என்னவென்றால், வரிசை நீளுகிற மாதத்தில்தான் மாநகராட்சியின் கஜானாவும் இளைத்துப் போயிருக்கும். பொருளாதார மந்த காலத்தில் நம் உள்ளூர் அலுவலகங்கள் சேர்ந்து வேலை செய்வது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இட்லிதான் முதலில் ஞாபகம் வந்தது.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஊரக வளர்ச்சித் துறையில் கணக்கு எழுதி, இந்த மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். நடுவில் சில வருடம் ஏற்காட்டிலும் இருந்தேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் பேரேட்டில் பார்த்தது.

மந்தம் வந்துவிட்டது என்று செய்தியில் சொல்வதற்கு முன்னாலேயே நம் ஊரில் காதுக்குத் தெரிந்துவிடும். இளம்பிள்ளைப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அது பாதியாகக் குறைந்தால், அந்த வாரச் சம்பளமும் பாதி என்று அர்த்தம். அப்புறம் மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறும். கம்மலும் செயினும் கூட்டுறவுச் சங்கத்துக்கு நகைக்கடனுக்குப் போகும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் காப்பி விலை விழுந்தபோது ஏற்காட்டு எஸ்டேட்களில் ஆள் குறைத்தார்கள். 2016 நவம்பரில் ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது விலையும் ஆர்டரும் அப்படியே இருந்தன, கூலி கொடுக்கச் சில்லறைதான் இல்லை. 2020 கொரோனா ஊரடங்கு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த நேரத்தில் ஒரு ஊராட்சியோ பேரூராட்சியோ என்ன செய்ய முடியும்? அதன் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். வருமானத்துக்கு இரண்டு வாய்க்கால். ஒன்று சொந்தமாக வசூலிப்பது: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடை வாடகை. இன்னொன்று மேலிருந்து வருவது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று பிரித்துத் தந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சதவீதம் மாறாவிட்டாலும் தொகை மாறும். வியாபாரம் படுத்தால் மாநிலத்தின் வரி குறையும், அந்தப் பத்தும் தானாக இளைக்கும். நிலம் விற்கும்போது முத்திரைத் தீர்வையோடு உள்ளாட்சிக்கென்று ஒரு கூடுதல் தீர்வை பிடிப்பார்கள். பத்திரப் பதிவு நடக்காத மாதத்தில் அதுவும் வராது. தொழில் வரிக்கு அரசியல் சட்டமே ஆளுக்கு வருடம் 2,500 ரூபாய் என்று மேல் வரம்பு போட்டிருக்கிறது. கடையே பூட்டிக் கிடந்தால் வரம்பு எதுவானால் என்ன. வீட்டு வரி கேட்டுப் போனால், "அடுத்த அரையாண்டுக்குச் சேர்த்துக் கட்டிடறேன் சார்" என்பார்கள். பொய்யில்லை, கையில் இருக்காது.

செலவு மட்டும் குறையாது. மோட்டார் ஓட வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போட வேண்டும். மேலே இருக்கிற அரசு கடன் வாங்கிச் சமாளிக்கும். ஊராட்சி நினைத்தபடி கடன் வாங்கவும் முடியாது, புது வரி போடவும் முடியாது. ஒரு வருமானம் நின்றுபோனால் என்ன செய்வது என்ற கேள்வி நம் மாவட்டத்துக்குப் பழையதுதான். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. கொண்டுவந்த ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், உள்ளூர் மன்றத்துக் கஷ்டம் தெரிந்தவர். மதுவில் வந்துகொண்டிருந்த வரி நின்றுபோனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மாகாணம் என்பதால் அது நடந்தது. ஒரு ஊராட்சித் தலைவருக்கு அந்த வழி இல்லை.

அதனால் என்ன நடக்கும்? ஒவ்வொரு அலுவலகமும் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊராட்சிகளில் இரண்டாம் நம்பர் கணக்கு என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், கறுப்புப் பணம் இல்லை. முதல் கணக்கு பொது நிதி. இரண்டாவது, மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கான தண்ணீர்க் கட்டணமும் கட்டுவதற்கென்றே தனியாக ஒதுக்கிய கணக்கு. ஏன் தனியாக ஒதுக்கினார்கள்? கை நெருக்கடியில் முதலில் தள்ளிப்போடப்படுவது இன்னொரு அரசு அலுவலகத்துக்குக் கட்ட வேண்டிய பில்தான். "கவர்மென்ட்தானே, பொறுத்துக்குவாங்க" என்று நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். ஊராட்சி வாரியத்துக்குப் பாக்கி, வாரியம் இன்னொருவருக்குப் பாக்கி என்று அது சங்கிலி மாதிரி போகும். கடைசிக் கண்ணியில் நிற்பவருக்கு அலுவலகமும் இல்லை, பென்ஷனும் இல்லை.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். குழாய் உடைப்பு சரிசெய்கிற சின்னக் கான்ட்ராக்டர். ரோட்டுக்கு அடியில் குழாய் உடைந்து, ஒரே ராத்திரியில் சரிசெய்து கொடுத்தார். காலையில் தண்ணீர் வந்துவிட்டது. பில் வரவில்லை. குழாய் எங்களுடையது, ரோடு இன்னொரு துறையுடையது, வெட்டியதை மூடுகிற செலவு யாருடையது என்று இரண்டு அலுவலகமும் மாறி மாறிக் கடிதம் எழுதின. நல்ல காலமாக இருந்தால் யாராவது ஒருவர் கொடுத்துவிட்டு அப்புறம் சண்டை போட்டிருப்போம். அது பணம் இல்லாத வருடம். அவர் திங்கள்கிழமை தோறும் வந்து பெஞ்சில் உட்காருவார், டீ வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்பார். ஒருநாள் நடந்து வந்தார். வண்டியை விற்றுவிட்டாராம். அந்தக் கோப்பில் என் கையெழுத்தும் மூன்று இடத்தில் இருக்கிறது.

இதனால்தான் கூட்டுமுயற்சி, ஒருங்கிணைப்பு என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு முதலில் பில்தான் ஞாபகம் வருகிறது. மந்த காலத்தில் ஒரு அலுவலகம் இன்னொன்றுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, தர வேண்டியதைச் சொன்ன தேதியில் தருவது. வேலைக்கான ஆர்டரும் அப்படித்தான், சொன்ன தேதியில் வர வேண்டும்.

ஆர்டருக்கு நல்ல உதாரணம் இலவச வேட்டி சேலைத் திட்டம். 1983இல் தொடங்கியது. ஏழைகளுக்குப் பொங்கலுக்குத் துணி என்பது ஒரு பாதி, நெசவாளருக்குத் தொடர்ந்து வேலை என்பது மறு பாதி. கைத்தறித் துறை நூல் வாங்கிக் கொடுக்கும், நம் பகுதி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து கொடுக்கும், வருவாய்த் துறை பட்டியல் வைத்திருக்கும், துணி ரேஷன் கடை வழியாகப் போகும். பள்ளிச் சீருடையும் இதே வழிதான். தறியில் நெய்து, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து, பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. வெளி மார்க்கெட் செத்துக் கிடக்கும்போது இந்த ஆர்டர்தான் பல தெருக்களில் அடுப்பெரிய வைத்தது. ஆனால் எல்லாம் தேதியில் இருக்கிறது. ஜூனில் உத்தரவு வந்தால் ஆறு மாதம் நிதானமாகத் தறி ஓடும். அக்டோபரில் வந்தால் அதுவரை தறி சும்மா, அப்புறம் ராத்திரி பகல் தெரியாமல் ஓட்டம். துணியின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். குடும்பத்துக்கு அது இரண்டும் வேறு வேறு வருடம்.

மரவள்ளிக்கும் இதே கதை உண்டு. ஜவ்வரிசி விலை இறங்கினால் கிழங்குக்கு ஒரு பாயிண்ட்டுக்கு, அதாவது அதிலிருக்கிற மாவுச்சத்தின் அளவுக்கு, இவ்வளவு என்று ஆலைக்காரர்கள் குறைப்பார்கள். விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் என்று முத்தரப்புக் கூட்டம் கூடும். கூட்டத்தில் பேசிய விலை அடுத்த லாரி வரைக்குமாவது தாங்குமா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 1981இலிருந்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருப்பதால் விற்கிற இடமாவது ஒன்று இருக்கிறது.

2020 ஏப்ரலில் நான் பார்த்தது வேறு மாதிரி. பஸ் ஓடவில்லை, பஸ் ஸ்டாண்ட் காலி. உழவர் சந்தையில் இடைவெளி விட்டு நிற்க இடம் போதாது. காய்கறிக் கடைகளைப் பஸ் நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் மாற்றினார்கள். இடம் உள்ளாட்சியுடையது, சந்தை வேளாண் விற்பனைத் துறையுடையது, எடைக்கல் முத்திரை தொழிலாளர் துறையுடையது, வரிசையைப் பார்த்துக்கொண்டது போலீஸ். சாதாரண காலத்தில் இந்த நான்கு பேரிடமும் ஒப்புதல் வாங்க ஆறு மாதம் ஆகியிருக்கும். அப்போது ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தபோதும் அப்படியே, வீட்டு வாசலுக்கே டோக்கன் வந்தது. முடியாது என்று நாங்கள் வருடக்கணக்கில் சொன்னது முடிந்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அந்த வருடம் மே மாதம் மத்திய அரசு நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் அறிவித்தது. மந்த காலத்தில் அரசு மண் வேலை கொடுப்பது புதிதில்லை. மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது, உலகப் பெருமந்தம் அதற்கு நடுவில்தான் வந்தது. ஆனால் பணம் வந்தால் மட்டும் போதாது, வெட்டுவதற்கு இடம் வேண்டும். ஏரி ஒரு துறை, ஓடை ஒரு துறை, காட்டு ஓரம் இன்னொரு துறை. மலையில் நான் இருந்த காலத்தில் ஒரு வருடம் கன்று நடுவதற்காக நூறு நாள் ஆட்கள் குழி வெட்டி முடித்தார்கள். கன்று வரவில்லை. கன்று வந்தபோது மழை போய்விட்டது, குழியில் மண் சரிந்து பாதி மூடியிருந்தது. அடுத்த வருடம் எங்கள் ஓவர்சியரும் தோட்டக்கலைக்காரர் ஒருவரும் டீக்கடையில் உட்கார்ந்து தேதி பேசிக்கொண்டார்கள். கோடை மழையில் குழி, ஜூன் கடைசியில் கன்று. கடிதம் எதுவும் போகவில்லை. அந்த மரங்களில் சில இன்னும் நிற்கின்றன.

நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான் இருந்தது, நகரத்துப் பக்கம் அந்தச் சங்கதியே இல்லை. இளம்பிள்ளை பேரூராட்சி, அதனால் அங்கே தறி நின்றவருக்கு நூறு நாள் வேலை கிடைக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஊராட்சியில் இருந்த மைத்துனருக்குக் கிடைத்தது. 2022இல் தமிழக அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடி ரூபாயில் சில இடங்களில் மட்டும் தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் சின்னது என்பது என் கருத்து. கிராமத்தையும் நகரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மாவட்டத் திட்டக் குழு என்று அரசியல் சட்டமே ஒன்றை வைத்திருக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அதன் கையில் பணமும் இருந்திருந்தால் எல்லை கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பும் நிலை குறைந்திருக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நெருக்கடியான ஒரு வருடத்தில் ஒரு கிராம சபைக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். வரவு செலவை வாசித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டி எழுந்து, "லைட்டு எரியலையே, பீஸைப் புடுங்கிட்டாங்களாமே, கரண்டு காசு கட்டலையா சாமி?" என்றார். கட்டியிருக்கிறோமே என்றார் தலைவர். ஊராட்சிச் செயலர் என்னைப் பார்த்தார். நான் இரண்டாம் நம்பர் கணக்கின் பாஸ்புக்கைப் பிரித்தேன். பணம் இருந்தது. மூன்று மாதமாக அப்படியே இருந்தது. செக்கில் போட வேண்டிய இரண்டாவது கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அந்தப் பாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அன்றைக்கே ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கினோம். மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிந்தது.

வணக்கம்.