ஓட்டலுக்கு வராத சோறு

எல்லாருக்கும் வணக்கம்.

சின்ன வயசுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் ஊர்ச் சாப்பாடாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். நான் திருநெல்வேலிக்காரி. ஊர்ப் பெயரைச் சொன்ன உடனே யாராக இருந்தாலும் அல்வாவைத்தான் கேட்பார்கள். கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், அதற்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தூத்துக்குடி என்றால் மக்ரூன், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. எல்லாம் நல்ல பண்டங்கள்தான், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கவனியுங்கள், இவை எல்லாமே கடைப் பண்டம். எங்கள் வீட்டுக்கு அல்வா வருவது யாராவது டவுனுக்குப் போய்த் திரும்பினால்தான். எங்களை வளர்த்தது வேறு சோறு. அது எந்த ஓட்டல் பலகையிலும் இருக்காது, வெளியூர்க்காரர் நெல்லைக்கு வந்து பத்து நாள் தங்கினாலும் ஒரு வீட்டுக்குள் போய் உட்காராதவரை அவர் கண்ணில் படாது. அந்தச் சோற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன், ஏனென்றால் கடைப் பண்டத்தைக் காப்பாற்றக் கடைக்காரர் இருக்கிறார், இதற்கு நம்மை விட்டால் ஆள் இல்லை.

முதலில் உளுந்தஞ்சோறு. உளுத்தம்பருப்புச் சோறு என்றும் சொல்வார்கள். தொலி, அதாவது தோல், எடுக்காத கறுப்பு உளுந்தை இரண்டாக உடைத்து வைத்திருப்பார்கள், அதுதான் இதற்கு வேண்டும். இட்லிக்குப் போடுகிற வெள்ளை உளுந்தைப் போட்டால் சோறு வரும், உளுந்தஞ்சோறு வராது. ஆச்சி, எங்கள் பாட்டி, அடுப்பில் வெறும் சட்டியை வைத்து உளுந்தை வறுப்பாள். கருகக் கூடாது, வாசம் தெருவாசல் வரைக்கும் வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குக் கணக்கு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. கொஞ்சம் வெந்தயம், கொஞ்சம் சீரகம், உரித்த பூண்டு ஒரு கை நிறைய, துருவின தேங்காய், உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவிடுவதுதான் சமையல். தாளிப்பு இல்லை, மிளகாய் இல்லை, மஞ்சள் கூட இல்லை. குழையவும் கூடாது, விறைத்து நிற்கவும் கூடாது. பூண்டு முழுசாகத் தெரியும், ஆனால் விரலால் தொட்டால் வெண்ணெயாக மசியும்.

இதற்குத் தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளைப் பொரிய வறுத்து, மிளகாய் வத்தல், தேங்காய், புளி, உப்பு வைத்து அம்மியில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைப்பது. சூடான சோற்றின் நடுவில் விரலால் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றுவாள் ஆச்சி, அது குழியில் நிற்காமல் சோற்றுக்குள் இறங்கும்போது எழும்புகிற வாசத்தை நான் எந்த ஊரிலும் எந்தச் சமையலிலும் கண்டதில்லை. சில வீடுகளில் அவியல் வைப்பார்கள், சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். கறிக்குழம்பும் உளுந்தஞ்சோறும் சேர்ந்த சேர்க்கையைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை!

ஏன் இது ஓட்டலுக்கு வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். ஆறினால் இறுகிவிடும், அதனால் காலையில் வடித்து மதியம் விற்க முடியாது. நிறம் சாம்பல், கறுப்புத் தொலி அங்கங்கே ஒட்டியிருக்கும், படம் எடுத்தால் எடுபடாது. இலையில் விழுந்த சூட்டோடு சாப்பிட வேண்டிய சோறு இது, அதற்கு வீடுதான் சரி.

இந்தச் சோறு எங்கே பிறந்தது என்றால் வயலில். அம்மா பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. புரட்டாசி ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து விதைப்பார்கள், எழுபது நாள், எண்பது நாளில் செடி முற்றிவிடும். மார்கழி தையில் செடியோடு பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு, கம்பால் அடித்து, சுளகில் புடைத்து எடுப்பார்கள். அந்த உளுந்துதான் தாமிரபரணிப் பக்கத்து நெல்லோடு சேர்ந்து ஒரே பானையில் வெந்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 என்கிற குட்டைப் பருமன் அரிசியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது, இட்லிக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான். மூக்கைச் சுளிக்கிறவர்கள் உண்டு, அந்த அரிசி மோட்டா என்று. எனக்கு அந்த மோட்டா அரிசிதான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ச் சாப்பாடு, எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று பேசும்போது எல்லார் வீட்டிலும் ஒரே சாப்பாடு இருந்த மாதிரி பேசிவிடுகிறோம். இருக்கவில்லை. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரிசல் வீட்டில் நெல்லுச்சோறு என்பதே பண்டிகைச் சோறு. மற்ற நாளில் கம்மஞ்சோறும் சோளச்சோறும் கூழும்தான். அதைக் கரைத்துக் குடித்துவிட்டு மிளகாயையும் சின்ன உள்ளி என்கிற சின்ன வெங்காயத்தையும் கடித்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். இன்றைக்கு அதே கம்பங்கூழ் சிறுதானியம் என்ற பெயரில் அழகான கிண்ணத்தில் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அரிசிக்கு ஏங்கிப்போய் அதைக் குடித்த தலைமுறையின் முன்னால் நின்று, "அந்தக் காலத்தில் எவ்வளவு ஆரோக்கியமாகச் சாப்பிட்டீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்காது.

சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பும் அப்படித்தான், எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. இன்றைக்கு அது நெல்லைச் சொதி என்று பேர் வாங்கிவிட்டது. பாசிப்பருப்பை வேகவைத்து, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சின்ன உள்ளி எல்லாவற்றையும் தேங்காயின் மூன்றாம் பாலில் வேகவிட்டு, பிறகு இரண்டாம் பால், கடைசியில் அடுப்பைத் தணித்து முதல் பால் ஊற்றி, இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிவார்கள். கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். நெல்லைச் சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணத்தில் மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து இது, அதனால்தான் மாப்பிள்ளைச் சொதி என்று பெயர். இத்தனை தேங்காய் உடைக்க வசதி இருந்த வீட்டுச் சாப்பாடு. எங்கள் வீட்டில் சொதி வைத்ததே நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான், பக்கத்து வீட்டு அத்தை சொல்லிக்கொடுத்து.

அப்புறம் பனை. தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தேரி என்கிற செம்மணல் காட்டில் பிறந்த பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டியதில்லை, வருஷம் பூராவும் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். கோடையில் நுங்கும் பதநீரும், மழைக்காலம் வந்தால் பனம்பழம் சுட்டது, தைப் பொங்கலுக்குப் பனங்கிழங்கு, கிழங்கு எடுக்கும்போது கொட்டையை வெட்டினால் உள்ளே தவண் என்கிற வெள்ளைச் சதை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கின பதநீரை விடிலி என்கிற ஓலைக் குடிசையில், தாச்சி என்கிற பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். பாகு திரண்டு வரும் நேரத்தில் சுற்றி நிற்கிற பிள்ளைகளுக்குச் சிரட்டையில் கொஞ்சம் வழித்துக் கொடுப்பார்கள், ஊதி ஊதி நக்க வேண்டும். மீதி சிரட்டைகளில் இறுகிக் கருப்பட்டியாகும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் விடியும் முன் மரம் ஏறி, சாயங்காலம் மறுபடி ஏறி, வெயிலிலும் அடுப்பிலும் வெந்த பனையேறி வீடுகளுக்கு அந்தக் கருப்பட்டியால் என்ன கிடைத்தது? வீழ்ந்து செத்தவர்களும் இடுப்பு ஒடிந்தவர்களும் உண்டு, பிள்ளைகள் மரம் ஏற வேண்டாம் என்று அவர்களே சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சீனியைக் கலந்து காய்ச்சின கருப்பட்டி மலிவு விலைக்குக் கிடைக்கிறது என்று நாம் வாங்கினால், உண்மையாகக் காய்ச்சுகிறவர் சீக்கிரம் அடுப்பை அணைத்துவிடுவார். நல்ல கருப்பட்டிக்கு விலை கூடத்தான் இருக்கும், கொடுங்கள்.

கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. பனையின் குருத்தோலையை வெட்டி வந்து, மடிப்புக்குள் மாவை நீளமாக வைத்து, ஓலையின் ஈர்க்கு நாரையே கயிறாக்கிக் கட்டி, வரிசையாக அடுக்கி அவிப்பார்கள். அரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய், சுக்கு, ஏலம், சிலர் பாசிப்பயறும் வறுத்துப் போடுவார்கள். வெந்து பிரித்தால் கொழுக்கட்டையின் மேல் ஓலையின் வரிவரியான தடம் இருக்கும். எங்களுக்குப் போட்டியே அதில்தான், யாருடைய கொழுக்கட்டையில் தடம் உடையாமல் வந்திருக்கிறது என்று. அந்த ஓலை வாசத்துக்கு மாற்று இல்லை, இட்லித் தட்டில் வைத்து அவித்தால் அது வேறு பண்டம்.

இனி உளுந்தங்களி. இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இறங்க முடியாது. தொலி உளுந்தும் கொஞ்சம் அரிசியும் வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டித் தண்ணீரில் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு விட்டுத் திரட்டி, கையில் எண்ணெய் தொட்டு உருட்டிக் கொடுப்பார்கள். பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் தினமும் அதுதான். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், இடுப்புக்குப் பலம் என்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். எங்கே உட்கார வைத்துக் கொடுத்தார்கள் தெரியுமா? பின்கட்டில் ஒரு மூலையில், தனித் தட்டு, தனி டம்ளர், யாரும் தொடக் கூடாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த தம்பிக்கு அந்தக் களியில் ஒரு உருண்டை கூடக் கிடையாது, அது பொம்பளைப் பிள்ளைக்கு உள்ளது என்று விரட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பழக்கத்தில் நான் வைத்துக்கொள்ள விரும்புவது களியை, தூக்கிப் போட விரும்புவது அந்த மூலையை. என் மகளுக்குக் களி கிண்டினபோது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், மகனும் மூன்று உருண்டை தின்றான்.

இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. 100 கிராம் உளுந்தில் 22 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டுகிற கூறுகளில் ஒன்று, குறைவு, உளுந்தில் அது நிறைய. உளுந்தில் மெத்தியோனின் என்கிற இன்னொரு அமினோ அமிலம் குறைவு, அது எள்ளில் நிறைய. ஆக உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒரே தட்டில் இருப்பது உடம்புக்கு ரொம்பப் பொருத்தம். அதற்காக இதை மருந்தென்று விற்காதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டிதானே என்று அள்ளிப் போட்டுக்கொள்வது ஆபத்து. களி மாவு பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கிறதை எல்லாம் நம்ப வேண்டாம். நல்ல சாப்பாடு, ருசியான சாப்பாடு, அது போதாதா?

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கிற இளைஞர்களுக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு. எங்கள் தலைமுறையில் இதெல்லாம் பெண்கள் கையில் மட்டும் இருந்தது, திருகையில் உடைத்ததும் அம்மியில் அரைத்ததும் அவர்கள்தான், எத்தனை பேருக்கு மணிக்கட்டு வலி, முதுகு வலி. "அம்மா கை ருசி" என்று மேடையில் உருகிப் பேசிவிட்டு, அம்மாவுக்கு எழுபது வயசு ஆன பிறகும் அவளையே கிண்டச் சொல்வது சரியில்லை. அம்மியும் திருகையும் வேண்டாம், மிக்ஸி போதும், குக்கர் போதும். குக்கரில் ஒரு பங்கு அரிசி உளுந்துக் கலவைக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உளுந்தஞ்சோறு அருமையாக வரும். சென்னையில் தனி அறையில் இருக்கிற பையன் கூட அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நீங்கள் கிண்டுங்கள், அவர்கள் சொல்லட்டும். "ஒரு கை", "கண்ணளவு" என்பார்கள், அந்தக் கையளவை அப்போதே டம்ளரில் போட்டுப் பார்த்து எழுதி வையுங்கள்.

தையில் புது உளுந்து வந்துவிடும். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் விளைவித்தவரிடமே கேட்டு வாங்குங்கள், தொலியோடு உடைத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். பூண்டு மட்டும் மறக்காமல் நிறையப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.