வழுக்கி விழுந்தவர்கள்

(திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில், மகளிர் குழுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் பேசியது)

அக்கா தங்கச்சிகளே, பந்தலுக்கு வெளியே நிற்கும் அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

சம்பா நெல் இப்போது தொண்டைக்கதிரில், கதிரை உள்ளே சுமந்துகொண்டு நிற்கிறது. இந்த நேரத்தில் வயலில் தண்ணீர் வற்றினால் உங்களுக்குத் தூக்கம் வருமா? ஆடிப்பெருக்கில் காவிரிக்கே மசக்கை என்று சித்திரான்னம் கிளறிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர்கள் நாம். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி கன்னம் வீங்கி வந்து நின்றால், "வழுக்கி விழுந்துட்டேன்" என்கிற பதில் நமக்குப் போதும்.

எனக்கும் போதுமாகத்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம், இரண்டாவது பிள்ளை. மேல்கையில் நாலு விரல் பதிந்த மாதிரி கன்றிப் போயிருந்தது. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "என்னம்மா இது?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்தாள். "வாய்க்கால் படியில வழுக்கிட்டா" என்று அங்கிருந்து பதில் வந்தது. அப்படியே பதிவேட்டில் எழுதினேன். படியில் விழுந்தால் விரல் தடம் எப்படி வரும் என்பது சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு வழி பிடித்தேன். யூரின் டெஸ்ட். "டப்பாவை எடுத்துக்கிட்டு வாம்மா" என்று பின்பக்கம் கூட்டிப் போய்விடுவேன். அங்கே மாமியார் வர மாட்டார். "புருஷன் அடிக்கிறாரா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "அவருக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவாரு, உனக்குப் பயமா இருக்குமா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்நேரம் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது பழக ரொம்ப நாளாயிற்று.

இரண்டாவது பிள்ளை என்றேனே, அதைக் கவனியுங்கள். தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். அடுத்ததற்கு அழைக்க ஆள் வருவதில்லை. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, நடவு முடிந்துவிட்டால் கூலியும் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை அவள் கணக்கில்தான் ஏறும். ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பையில் இருக்கும். அவள் காசைப் பிடுங்கி வைப்பதும் வன்முறைதான் என்கிறது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கர்ப்பத்தின்போது அடிபட்டதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 3 பேர். சொன்னவர்கள் அவ்வளவு. என் பழைய பதிவேட்டில் வழுக்கி விழுந்தவர்கள் தனி.

"குடிச்சா அப்படித்தான்" என்பார்கள். குடித்துவிட்டு ஊராட்சித் தலைவரை அறைந்தவரை நான் பார்த்ததில்லை.

வயிற்றில் உதை விழுந்தால் நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிய்ந்துவிடலாம். ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு. அதனால் வயிறு கல்லாக இறுகினாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அடி எங்கே விழுந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். குறைமாதம், எடை குறைந்த பிள்ளை என்று பின்னால் வருவதற்கும் இந்த அடிக்கும் தொடர்பு உண்டு.

"புகார் கொடுத்தா அவரை உள்ள தள்ளிடுவாங்க, அப்புறம் சோத்துக்கு?" இதுதான் எல்லோரும் கேட்பது. அந்தக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் எடுத்ததும் ஜெயில் இல்லை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு விரட்டக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் தண்டனை. வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே இருக்க உரிமை உண்டு. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், பெண்கள் உதவி எண் 181-க்கும் போன் பண்ணலாம். அவள்தான் பேச வேண்டும் என்றில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறவரும் தகவல் கொடுக்கலாம். நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது. "புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறோமே, நமக்காகத்தான் சொல்கிறேன்.

சரி, யூரின் டெஸ்ட் தந்திரத்தை மாமியார்கள் முன்னாலேயே உடைத்துவிட்டேன். பரவாயில்லை. பிரஷர் பார்க்கிற கருவி கொண்டுவந்திருக்கிறேன். அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் ஒவ்வொருத்தராக வாங்க. கூட வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் டீ போட்டிருக்கிறார்கள்.