சுடுகாட்டு மல்லியும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

(புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்கான மாரத்தானுக்கு முந்தின நாள் மாலை, செங்கோட்டையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சாரலில் நனைந்துகொண்டே வந்திருக்கிறீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நன்கொடை கேட்டு பஜாருக்குப் போனபோது தேங்காய்க் கடை அண்ணாச்சி கேட்டார்: "நீங்க ஓடுனா புத்துநோய் ஓடிருமா சார்? அந்தக் காச ஒரு நோயாளி கையில கொடுத்தாலாவது புண்ணியம்." நியாயமான கேள்விதான். அன்னதானம் என்றால் இலையில் சோறு தெரியும். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன தெரியும்?

அதற்குப் பதில் நம் ஊர் வேலியோரத்திலேயே பூத்துக் கிடக்கிறது. சுடுகாட்டு மல்லி. நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில், சவக்கோட்டப் பச்சை என்பார்கள். இரண்டு மொழியிலும் பாவம், அதைச் சுடுகாட்டை விட்டு வெளியே விடவில்லை!

ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1950களில் கொஞ்சம் இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபிள் என்பவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சரி, போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஊசியில் ஏற்றிப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! அவரும் சார்லஸ் பீரும் அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்து 1958இல் வெளியே தெரிந்தது. அதே செடியிலிருந்து பிறகு வந்தது வின்கிறிஸ்டின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் மற்ற மருந்துகளோடு சேர்த்து அதைக் கொடுக்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்துக் குழந்தைகளில் எட்டுக்கு மேல் பிழைக்கின்றன. அந்த எலிகளுக்குத் தீனி வாங்கிய காசை யாரோ கொடுத்திருக்கிறார்கள், அண்ணாச்சி.

1956 வரை செங்கோட்டை மலையாளச் சீமையோடு இருந்தது, நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். புற்றுநோய் என்றால் இன்றும் பலருக்கு அதுதான் போகும் ஊர். என் அக்காவையும் அங்கேதான் கூட்டிப் போனேன். மருந்துச் சீட்டில் வின்கிறிஸ்டின் என்றிருந்ததைப் பார்த்து, இது என்ன மருந்து என்று நர்ஸிடம் கேட்டேன். "சவக்கோட்டப் பச்சையில்லே, அது தன்னே" என்று சிரித்தார். அக்கா என்னைப் பார்த்து, "சுடுகாட்டுக்குப் போகாம இருக்கச் சுடுகாட்டுப் பூவால?" என்றாள். ஆறு மாதத்தில் தலைமுடி திரும்ப வந்துவிட்டது. இன்று முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

கனடாவில் இன்னொருவர், டெர்ரி ஃபாக்ஸ். 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை எடுத்துவிட்டார்கள். பிழைக்க 50 சதவீத வாய்ப்பு என்றார்கள் டாக்டர்கள். இரண்டே வருடம் முன்னால் அது வெறும் 15. நடுவில் நடந்தது ஆராய்ச்சி. அது அந்தப் பையன் மனதில் தைத்தது. 1980இல் செயற்கைக் காலோடு தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம், 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்திவிட்டது. மறுவருடம் 22 வயதில் இறந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நாட்டில் தலைக்கு ஒரு டாலர் என்றுதான் கேட்டிருந்தார். இறப்பதற்கு முன்பே, நாட்டில் எத்தனை தலையோ அத்தனை டாலர் சேர்ந்துவிட்டது.

அப்புறம், நாளைக்கு. எண் அட்டைக்கு நாலு மூலையிலும் ஊக்குக் குத்துங்கள், மழையில் கிழிந்துவிடும். புதுச் ஷூ வேண்டாம். போன தடவை எனக்கு இரண்டு கால் நகம் கறுத்து விழுந்தது. புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடந்துவிடுங்கள். நான் அங்கே நடக்கத்தான் போகிறேன்.