பெயரை விடுங்கள், பக்கத்தில் நின்றவரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பென்சில்வேனியாவில் லங்காஸ்டர், பெர்க்ஸ், யார்க் கவுன்டிகளின் கிராமச் சாலைகளில் போனால் தபால் பெட்டிகளில் ஸ்னைடர், மில்லர், ஹூவர் என்று ஜெர்மன் வழிப் பெயர்கள் வரிசையாக வரும். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் சில, இப்படிப்பட்ட வீடுகளோடு சம்பந்தம் செய்திருக்கின்றன. பேரன் பேத்தி பிறந்தபின் "உங்கள் பக்கத்து வம்சம் எந்த ஊர்?" என்று சம்பந்தி வீட்டில் கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே கதைதான் வரும். மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலேறி வந்தார்கள். ஒருவர் இங்கேயே தங்கினார், ஒருவர் தெற்கே போனார், மூன்றாமவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. வம்சாவளி ஆராய்பவர்கள் இதைக் கேட்டதும் சிரித்துவிடுவார்கள். அத்தனை வீடுகளில் இதே மூன்று பேர் இருக்கிறார்கள். நியூயார்க் துறைமுகத்துக் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பது இன்னொரு கதை. எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். நான் இன்று பேசப்போவது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் வந்து இறங்கியவர்களைப் பற்றி.

ஜெர்மானியர் குடியேற்றத்தின் தொடக்கமாக 1683ஐச் சொல்வார்கள். கிரேஃபெல்ட் நகரத்திலிருந்து பதின்மூன்று குடும்பங்கள் 'கான்கார்டு' கப்பலில் வந்து, பிலடெல்பியாவை ஒட்டி ஜெர்மன்டவுனை அமைத்தன. அது சின்னக் கூட்டம். அவர்களைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். தேடுகிறவருக்குத் தலைவலி பின்னால் வந்த பெருங்கூட்டத்தால்தான். ரைன் கரை ஊர்களை 1688இல் தொடங்கிய போரில் பிரெஞ்சுப் படை கொளுத்தியது. அதிலிருந்து நிமிர்வதற்குள் 1708-09 குளிர்காலம் வந்து திராட்சைக் கொடிகளைக் கருக்கிப் போட்டது. 1709இல் பதின்மூவாயிரம் பேர் அளவில் லண்டனில் வந்து குவிந்தார்கள். அவர்களில் மூவாயிரம் பேரை மறு ஆண்டு நியூயார்க்குக்கு அனுப்பி, ஹட்சன் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பைன் மரத்திலிருந்து தார் காய்ச்ச வைத்தார்கள். தார் வரவில்லை, திட்டம் படுத்துவிட்டது. ஆனால் ஆளுநர் ராபர்ட் ஹன்ட்டர் யார் வீட்டுக்கு எவ்வளவு படியளந்தோம் என்று கணக்கு எழுதி வைத்திருந்தார். இந்தக் கூட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு முதல் பிடிமானம் அந்தக் கணக்குதான்.

பிலடெல்பியா துறைமுகத்தில் கிடைப்பது வேறு வகைப் பதிவு. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

இங்கிலீஷ் தெரியாத இவ்வளவு பேர் வந்து இறங்குகிறார்களே என்று பென்சில்வேனியா நிர்வாகத்துக்குக் கலக்கம். 1727 செப்டம்பரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வந்து இறங்கும் அந்நிய ஆண்கள், பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். இப்படிப் பதிவான முதல் கப்பல் 'வில்லியம் அண்ட் சாரா'. அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று நூற்றொன்பது பேர் ஆஜரானார்கள், குடும்பத்தோடு சேர்த்து நானூறு பேர் அளவில் என்று குறிப்பு சொல்கிறது. ஆக, அந்தக் கப்பலில் வந்த பெண்களிலும் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். பாட்டியின் பெயரைத் தேடிக் கப்பல் பட்டியலைப் புரட்டுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்கள்வரை இருக்கலாம். முதலாவது கப்பல் தலைவன் கொடுத்தது, அதாவது ஆங்கிலேய எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியது. மற்ற இரண்டும் உறுதிமொழிப் பட்டியல்கள். அவற்றில் எழுதத் தெரிந்தவர் தாமே ஜெர்மன் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். தெரியாதவருக்கு எழுத்தர் பெயரை எழுத, அவர் நடுவில் ஒரு கீறல் போட்டிருப்பார். இவற்றையெல்லாம் ஸ்ட்ராஸ்பர்கர், ஹின்கே என்ற இருவர் தொகுத்து 1934இல் மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். இரண்டாம் பாகம் முழுவதும் கையெழுத்துகளின் நகல். எல்லாரும் பெயர் அட்டவணையைப் பார்த்துவிட்டு முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் இரண்டாம் பாகத்தைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். 1768இல் ஒரு பத்திரத்தில் தாத்தா போட்ட கையெழுத்து உங்களிடம் இருந்தால், அதை இந்த நகலோடு ஒப்பிடலாம். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும்போது நம் ஆள் யார் என்று பிரிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஒரே பெயரில் நாலு பேர் என்றேனே, அது மிகை இல்லை. ஒரு வீட்டில் ஐந்து பையன்கள் என்றால் ஐவருக்கும் ஞானஸ்நானத்தில் யோஹான் என்று தொடங்கிப் பெயர் வைப்பார்கள்: யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம். வீட்டில் யாரும் யோஹான் என்று கூப்பிடமாட்டார்கள். வரிப் பட்டியலில் வெறும் பீட்டராக வருவார். பெண்களுக்குக் குடும்பப் பெயரின் கடைசியில் 'இன்' சேரும். முல்லர் வீட்டுப் பெண் முல்லரின். அதைத் தனிக் குடும்பம் என்று எண்ணி வேறு கிளை வரைந்தவர்கள் உண்டு. அப்புறம் இங்கிலீஷ் வாடை ஏறும். ஸ்மித் ஆன ஷ்மிட், கார்பென்டர் ஆன சிம்மர்மான், பிளாக் ஆன ஷ்வார்ட்ஸ். ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர் 1738இல் பிலடெல்பியாவில் இறங்கியபோது ஆன்ட்ரியாஸ் ஹூபர்.

இதில் தமிழருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ரைன் பக்கத்துப் பேச்சில் B-யும் P-யும், D-யும் T-யும், K-யும் G-யும் மாறி மாறி ஒலிக்கும். எழுத்தர் கேட்டபடி எழுதியதால் ஒரே குடும்பம் இரண்டு எழுத்தில் இரண்டு இடத்தில் கிடக்கிறது. இணையத்தில் தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். நம் ப, ட, க மூன்றும் இரண்டு ஒலிக்கும் பொது. தமிழில் ஒரே மாதிரி வரும் ஆங்கில எழுத்துக் கூட்டல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடினால் போதும்.

பெயர் பிடிபட்டாலும் வேலை முடியாது, கிராமம் வேண்டும். ஜெர்மனி என்று ஒரே நாடு 1871வரை கிடையாது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அந்தந்த ஊர்த் திருச்சபைப் பதிவேட்டில் இருந்தன. ஊர் தெரியாவிட்டால் எந்தப் பதிவேட்டைத் திறப்பது? பிலடெல்பியா எழுத்தர்களோ வந்தவர் எல்லாரையும் 'பாலட்டைன்', அதாவது ரைன் பாலட்டினேட் வட்டாரத்துக்காரர், என்றே எழுதினார்கள். வூர்ட்டெம்பர்க் ஆளும் அதுதான், சுவிஸ் ஆளும் அதுதான். அந்தச் சொல்லை நம்பி ரைன் பாலட்டினேட் பதிவேடுகளிலேயே வருஷக்கணக்கில் உழன்றவர்கள் இருக்கிறார்கள்.

ஹென்றி ஜோன்ஸ் என்று ஒருவர். டிஸ்னி படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவர். நடிப்பைவிட இந்தப் பழைய பதிவேடுகளில்தான் அவருக்குப் பித்து. 1710இல் நியூயார்க் போன 847 குடும்பங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று தேடினார். ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்தவுடன் அவர் செய்த காரியம் எளிமையானது: அந்த ஊரைச் சுற்றியிருக்கும் ஊர்களின் சபைப் பதிவேடுகளை ஊர் ஊராகப் பார்க்க வைத்தார். அமெரிக்கப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த பெயர்கள் ஜெர்மனியில் பக்கத்து ஊர்களில் கிடைத்தன.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். யாரும் தனியாகப் புறப்படவில்லை. மாமன் முன்னால் போனான், மச்சான் பின்னால் போனான், அதே தெருக்காரன் அடுத்த கப்பலில் வந்தான். உறுதிமொழிப் பட்டியலில் ஓர் ஊர்க்காரர்கள் பல சமயம் அடுத்தடுத்து நிற்பார்கள். உங்கள் ஆளின் ஊர் எங்கும் எழுதப்படாமல் போயிருக்கலாம். அவருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவரின் ஊரை ஒரு பாதிரியார் இறப்புப் பதிவில் விலாவாரியாக எழுதி வைத்திருப்பார். அவர் வழியாக நம் ஆளைப் பிடிக்கலாம்.

ஞானப் பெற்றோரும் அப்படித்தான். அமெரிக்காவில் பிறந்த முதல் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயருக்கும் தாய் தகப்பன் பெயருக்கும் கீழே அவர்கள் பெயர் இருக்கும். அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். புது நாட்டில் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்க உறவுக்காரனையோ ஊர்க்காரனையோதான் கூப்பிட்டார்கள்.

கப்பல் கூலி கட்ட முடியாதவர்களைத் தேடுவது இன்னும் கடினம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும். வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் மேலே ஏறி வந்து, ஒருவரின் கடனை அடைத்துவிட்டு அவரை அழைத்துப் போவார்கள். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஆறு வருஷ உழைப்பு, பிள்ளைகளுக்கு இருபத்தோரு வயதுவரை. 1750இல் வந்த கோட்லீப் மிட்டல்பெர்கர் என்பவர் ஊருக்குத் திரும்பிப் போய் இதை எழுதினார். அவர் ஆட்களை வரவிடாமல் தடுப்பதற்காகவே எழுதினார், மிகை உண்டு. ஆனால் பெற்றோர் ஒரு பண்ணைக்கும் பிள்ளைகள் வேறு வேறு பண்ணைகளுக்கும் போய்ச் சிதறியது மிகை இல்லை. ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சவர் 1739இல் ஆரம்பித்த ஜெர்மன் பத்திரிகையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. என் தம்பி இன்ன ஊரில் பிறந்தவன், இன்ன வருஷம் வந்தான், எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்ற மாதிரி விளம்பரங்கள் வரும். அண்ணன் தேடிய விளம்பரத்தில் பிறந்த ஊர் அச்சாகியிருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

அப்படி ஊரை எழுதி வைத்த பாதிரிமார்களைப் பற்றிச் சொல்லும்போது, நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1742இல் பென்சில்வேனியா வந்த ஹென்ரிக் மெல்கியோர் மியூலன்பெர்க்கை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவுக்குப் பின்னால் நின்றதும் அதே ஹாலேதான். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களை ஹாலேயில் அச்சிட்டு விற்றார்கள். இன்றும் அந்தக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியா பாதிரிகளின் கடிதங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மியூலன்பெர்க் 1745இல் திருமணம் செய்த அன்னா மரியா, கான்ராட் வைசரின் மகள். வைசர் 1696இல் வூர்ட்டெம்பர்க்கில் பிறந்து, 1710 கூட்டத்தோடு சிறுவனாக நியூயார்க் வந்து, அங்கத்திய பூர்வகுடிகளான மோஹாக் மக்களோடு ஒரு குளிர்காலம் இருந்து அவர்கள் மொழி கற்று, பின்னால் பென்சில்வேனியாவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மியூலன்பெர்க்கின் மகன் ஃபிரெடரிக் 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர். பெரிய குடும்பம், அதனால் பதிவும் ஏராளம். சாதாரண உழவன் வீட்டுக்கு இவ்வளவு கிடைக்காது. ஆனால் மியூலன்பெர்க் எழுதிய சபைப் பதிவேடுகளில் அந்த உழவனும் இருக்கிறான்.

தேதி விஷயம் ஒன்று. ஜெர்மன் புராட்டஸ்டன்ட் நாடுகள் 1700இலேயே புது நாள்காட்டிக்கு மாறிவிட்டன. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் இரு கரைக்கும் பதினோரு நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் கணக்கில் அப்போது வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. பிறந்த தேதி பொருந்தவில்லை என்று சரியான ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வம்ச மரங்களை நான் துணைக்கு மட்டும்தான் வைத்துக்கொள்வேன். ஒருவர் போட்ட தப்பை நூறு பேர் நகலெடுத்தால் அது நூறு சாட்சி ஆகாது. குடும்பச் சின்னம் என்று கேடயம் சிங்கம் போட்டு விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ரைன் கரையில் திராட்சை பயிரிட்ட குடியானவனுக்கு ஏது சிங்கம்?

சம்பந்தி வீட்டுக்காக ஆரம்பிப்பதாக இருந்தால், கப்பல் பட்டியலில் அவர்கள் ஆளுக்கு மேலே பத்துப் பெயர், கீழே பத்துப் பெயர் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநிலக் காப்பகத்தின் நிலப் பதிவுகளையும், அந்தக் கவுன்டியின் பழைய உயில்களையும், சபைப் பதிவேடுகளையும் பாருங்கள். இருபதில் இரண்டு மூன்று பெயர் மறுபடி ஒன்றாகத் தட்டுப்பட்டால் அவர்களுடைய ஊரைத் தேடத் தொடங்குங்கள். ஊர் கிடைத்ததும் புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியான் இணையதளம் இருக்கிறது, கட்டணம் உண்டு. கத்தோலிக்கப் பதிவேடுகள் பல மெட்ரிகுலாவில் இலவசம். எழுத்து பழைய ஜெர்மன் கையெழுத்தாக இருக்கும், முதலில் ஒன்றும் புரியாது. தெரிந்த பெயர் ஒன்றை வைத்து எழுத்து எழுத்தாகப் பழகுங்கள். படித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் அந்த வட்டாரத்து வம்சாவளிச் சங்கத்துக்கு எழுதலாம். கடிதத்தில் ஊர், ஆண்டு, லூதரன் சபையா ரிஃபார்ம்டு சபையா என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். பல ஊர்களில் இரண்டு சபைக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு.

நன்றி, வணக்கம்.