கொசுவுக்குப் புகை அடிக்கிறீர்கள், சரி... டிரம்மில் ஒட்டியிருக்கும் முட்டையை என்ன செய்வீர்கள்?

[திரையில்: ஃபாகிங் மெஷினோடு தெருவில் நடக்கும் ஒருவர், சுற்றிலும் வெள்ளைப் புகை]

ஒரு தெரு முழுக்கப் புகை மருந்து அடித்து முடித்துவிட்டீர்கள். டீசல் வாடை, பின்னாலேயே ஓடி வந்த பசங்கள், மொட்டை மாடியிலிருந்து வீடியோ எடுத்த மாமா, எல்லாம் ஆயிற்று. ஒரு வாரம் போகட்டும், அதே தெருவிலிருந்து போன் வரும். "என்னண்ணே மருந்து அடிச்சீங்க? தண்ணியைக் கலந்து அடிச்சிட்டீங்களா?"

மருந்தில் தண்ணீர் கலந்தது பிரச்சினை இல்லை அண்ணே. தண்ணீரில் மருந்து கலக்காததுதான் பிரச்சினை.

பெஸ்ட் கன்ட்ரோல் வேலையில் இருப்பவர்கள், மாநகராட்சியிலும் ஊராட்சியிலும் கொசு ஒழிப்புப் பணி பார்ப்பவர்கள், இந்த வீடியோ உங்களுக்குத்தான். மற்றவர்களும் தாராளமாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறதே, அதைப் பற்றியும் பேசப்போகிறோம்.

புகை மருந்து எப்படி வேலை செய்கிறது? பொடிப்பொடித் துளிகளாகக் காற்றில் மிதக்கும். அந்த நேரத்தில் அதன் வழியாகப் பறக்கும் கொசு சாகும். புகை கலைந்தால் கதை முடிந்தது. அரை மணி நேரம் கழித்து வரும் கொசுவை அது ஒன்றும் செய்யாது. டெங்கு கொசுவோ தெருவில் சுற்றுவதே குறைவு. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், கொடியில் தொங்கும் சட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் செய்யும் முதல் காரியம் என்ன? ஜன்னலைச் சாத்துவது. கொசுவுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு யார் கொடுக்க முடியும்?

சரி, அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. நம் ஊர் வெயிலுக்கு இந்த நாலும் முடிய எட்டிலிருந்து பத்து நாள். ஆண் கொசு கடிக்காது, பூந்தேனும் செடிச் சாறும் அதற்குப் போதும். பெண் கொசுவுக்கு முட்டை உருவாகப் புரதம் வேண்டும், அது நம் ரத்தத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பாடம் முடிந்தது.

நமக்கு வேண்டிய ஆட்கள் மூன்று பேர். ஏடிஸ், அனாஃபிலிஸ், கியூலெக்ஸ். மூன்றும் வைத்திருக்கும் வீடு வேறு, கடிக்கும் நேரம் வேறு, கொடுக்கும் நோய் வேறு. எந்தக் கொசு என்று தெரியாமல் மருந்து டப்பாவைத் திறப்பது வெறும் செலவு. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன்.

[திரையில்: நீல பிளாஸ்டிக் டிரம்மின் உட்புறம், டார்ச் வெளிச்சத்தில்]

முதலில் ஏடிஸ் ஈஜிப்டி. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றுக்கும் இதுதான். உடம்பில் கறுப்பு வெள்ளைப் பட்டை. இந்த டிரம்மைப் பாருங்கள். பாதி அளவுக்குத் தண்ணீர். எல்லோரும் தண்ணீரைப் பார்ப்போம். நீங்கள் டார்ச்சைச் சுவரில் அடியுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருக்கிறதா? அழுக்கு என்று விட்டுவிடுவோம். கையால் தடவினால் போகாது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுதான் முட்டை. இடும்போது வெள்ளையாக இருக்கும், சில மணி நேரத்தில் கறுத்துவிடும்.

ஏன் தண்ணீரில் இடாமல் சுவரில் இடுகிறது? இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கக் காடு. அங்கே மரப்பொந்தில் தேங்கும் மழைத்தண்ணீர்தான் இதன் பிரசவ அறை. பொந்தில் தண்ணீர் வற்றலாம், எப்போது நிறையும் என்று சொல்ல முடியாது. அதனால் ஈரமான ஓரத்தில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். அடுத்த மழைக்குத் தண்ணீர் மேலே ஏறி முட்டையை நனைக்கும்போது பொரித்துக்கொள்ளட்டும் என்று. காட்டில் மழை செய்த வேலையை நம் தெருவில் தண்ணீர் லாரி செய்கிறது. காலி டிரம்மை நிரப்பும் ஒவ்வொரு தடவையும் முட்டைக்கு மழைக்காலம்தான்.

இதற்குள் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நனைந்ததும் எல்லா முட்டையும் பொரிக்காது. தண்ணீரில் பாக்டீரியா பெருகினால் ஆக்சிஜன் குறையும். முட்டைக்குள் தயாராக இருக்கும் புழுவுக்கு அதுதான் சாப்பாட்டு மணி. வெளியே தின்ன ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மணி கேட்டுச் சில வெளியே வரும், சில வராது. மிச்சம் இருப்பவை அடுத்த தடவை நனையும்போது, அல்லது அதற்கும் அடுத்த தடவை. இன்று வந்த புழுவை முழுக்க நீங்கள் கொன்றாலும் சுவரில் அடுத்த தவணை காத்திருக்கிறது.

காய்ந்துபோனால்? காயட்டும். ஆறு மாதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். தை மாதம் கவிழ்த்து வைத்த டிரம்மை ஆடியில் நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினால் புழு வரும். இப்படி ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கத் தெரிந்ததால்தான் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏறி, கண்டம் விட்டுக் கண்டம் போனது. 

ஆகவே வாடிக்கையாளரிடம் "தண்ணியைக் கொட்டிடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கொட்டியபின் தேங்காய் நாரோ பிரஷோ எடுத்து, தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் கீழேயும் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை. தேய்த்த தண்ணீரை வெயில் படும் மண்ணில் கொட்ட வேண்டும். பக்கத்து வாளியில் ஊற்றி வைத்தால் முட்டைக்கு இடமாற்றம், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரு ஏடிஸ் ஒரு தடவைக்கு நூறு முட்டை போலச் சுமக்கும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இடாது. இங்கே பத்து, அங்கே இருபது என்று பிரித்து வைக்கும். ஒரு டயரில் புழு கண்டுபிடித்ததும் திருப்தியாகிக் கிளம்பிவிடாதீர்கள். கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, கட்டடம் கட்டும் இடத்தில் நிற்கும் தண்ணீர், லிஃப்ட் குழி. அப்புறம் ஃப்ரிட்ஜ். பின்பக்கம் கீழே, பனி உருகி வடியும் தட்டு. ஐந்து வருடமாக அதை இழுத்துப் பார்க்காத வீடுகள்தான் அதிகம். இப்போது பாஸ் செய்துவிட்டுப் போய்ப் பாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

[திரையில்: ஃப்ரிட்ஜ் பின்தட்டில் நெளியும் புழுக்கள்]

வந்துவிட்டீர்களா? மேலே போவோம்.

ஏடிஸ் பகல் ஆள். காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரத்திலும் அதிகம் கடிக்கும், பெரும்பாலும் கணுக்காலில். கை அசைந்தால் பறந்துவிடும், அரைவயிற்றோடு அடுத்த ஆளைத் தேடும். ஒரே வீட்டில் மூன்று பேர் ஒன்றாகக் காய்ச்சலில் படுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வீட்டுக்குள் மருந்து அடிக்கச் சொன்னால் மேல் சுவரை நனைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். இது உட்காருவது பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குக் கீழே. மேசைக்கு அடிப்பக்கம், கட்டிலுக்கு அடிப்பக்கம், இருட்டு மூலை.

இப்போது நோய் எப்படிப் பரவுகிறது என்ற பகுதி. கமென்டில் எப்போதும் ஒருவர் கேட்பார்: "ப்ரோ, கொசு எச்ஐவி பரப்புமா?" பரப்பாது. கொசு ஊசி அல்ல. அதன் வாயில் ஆறு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. எச்சிலை உள்ளே விடும் குழாய் ஒன்று, ரத்தத்தை உறிஞ்சும் குழாய் வேறொன்று. குடித்த ரத்தம் திரும்பி வராது. எச்ஐவி கொசுவின் வயிற்றில் செரித்துப் போகும். டெங்கு வைரஸோ வயிற்றுச் சுவரைத் தாண்டி, பெருகி, எச்சில் சுரப்பிவரை போய்ச் சேரும். அதற்கு எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். மலேரியாக் கிருமிக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நோயாளியைக் கடித்த கொசு அன்றைக்கே ஆபத்தானது அல்ல. பத்து நாள் பிழைத்திருந்தால்தான் ஆபத்து. அதாவது நோய் பரப்புவது கிழட்டுக் கொசு.

ஒரு கணக்குப் போடுவோம். நோயாளியைக் கடித்த 100 கொசுக்கள். தினமும் அதில் 90 சதவீதம் பிழைக்கிறது என்றால், பத்து நாள் கழித்து 35 மிஞ்சும். நீங்கள் வேலை பார்த்து அதை 70 சதவீதமாகக் குறைத்தால்? பத்து நாள் கழித்து 3 கூட மிஞ்சாது. தினசரிக் கணக்கில் சின்ன வெட்டு, கடைசியில் நோய் பரப்பும் கொசுவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1950களில் ஆய்வாளர் ஜார்ஜ் மக்டொனால்ட் மலேரியாவுக்குக் காட்டிய கணக்கின் சாரம் இதுதான். சுவரில் நின்று வேலை செய்யும் மருந்துக்கும் கொசுவலைக்கும் பலம் இங்கேதான் இருக்கிறது. "கொசு இன்னும் இருக்கே" என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்கும்போது, இருப்பது இளசா கிழடா என்று கேட்க முடியாதுதான். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கியூலெக்ஸை வேகமாகப் பார்த்துவிடுவோம். சாக்கடை, செப்டிக் டேங்க், கூவம். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெப்பமாக மிதக்கும். ராத்திரி காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோய்ப் புழுவைப் பரப்புவதும் இதுதான் என்று வழிகாட்டியவர் மருத்துவர் பேட்ரிக் மேன்சன், 1877இல், சீனாவின் அமோய் துறைமுகத்தில். அந்த நோயின் குட்டிப்புழுக்கள் நோயாளி உடம்பில் பகலில் உள்ளுறுப்புகளில் பதுங்கி, இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலோரத்து ரத்தத்துக்கு வரும். கொசு வரும் நேரம் அவற்றுக்குத் தெரியும்! சுகாதாரத் துறையினர் ராத்திரியில் கதவைத் தட்டி ரத்தம் எடுப்பது இதற்காகத்தான், தூக்கம் கெட்டது என்று அவர்களைத் திட்டாதீர்கள். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டச் சொல்லுங்கள். பத்து ரூபாய் வேலை, பலன் பெரிது.

[திரையில்: மொட்டை மாடியில் மூடி சரியாகப் பொருந்தாத தண்ணீர்த் தொட்டி]

மூன்றாவது அனாஃபிலிஸ் ஸ்டீபன்ஸி. மலேரியா என்றதும் காடு, வயல், ஓடை என்று நினைப்போம். இது நகரத்து ஆள். சென்னையில் மலேரியாவைப் பல காலமாகத் தூக்கிச் சுமப்பது இதுதான். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அதன் இடம், சுத்தமான தண்ணீர். 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது, பிறகு எத்தியோப்பியா, சூடான் என்று பரவி அங்கே நகரங்களில் மலேரியாவைக் கிளப்பிவிட்டது. நமக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே வருடக் கடைசியில் ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மன்னாரில், கிணறுகளில், இந்தக் கொசு பிடிபட்டது. கிருமி போன நாட்டுக்கு வாகனம் வந்து இறங்கியது.

தொட்டிக்கு ஏறினால் மூடியை மட்டும் பார்க்காதீர்கள், வழிந்து வெளியேறும் குழாயின் வாயையும் பாருங்கள். அங்கே வலை இல்லாவிட்டால் மூடி இருந்தும் பயனில்லை. கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். ஏரி, குளத்தில் விடாதீர்கள், நம் ஊர் மீன் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்னும்.

புழுவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. தண்ணீர்ப் பரப்போடு படுத்தபடி இருந்தால் அனாஃபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் மற்ற இரண்டில் ஒன்று; வால் பக்கத்து மூச்சுக்குழாய் நீளமாக ஒல்லியாக இருந்தால் கியூலெக்ஸ், குட்டையாகத் தடிப்பாக இருந்தால் ஏடிஸ். உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனைப் பார்த்து நில்லுங்கள். நிழல் பட்டதும் எல்லாம் அடியில் போய்விடும், "சுத்தமா இருக்கு சார்" என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள்.

கடைசியாக மருந்து. பிடிஐ என்பது பாக்டீரியா மருந்து, 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையில் கிடைத்தது. புழு அதைத் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது. தண்ணீரில் விடும் புழுக்கொல்லி மருந்தான அபேட்டும் கூட்டுப்புழுவிடம் பெரிதாகப் பலிக்காது. தலை பெருத்து, வால் வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் போடும் கூட்டுப்புழுக்கள் தண்ணீரில் நிறைய இருந்தால், அது இரண்டு நாளில் பறக்கப்போகும் கொசு. தண்ணீரைக் கொட்டுங்கள், சாக்கடை மாதிரி கொட்ட முடியாத இடமென்றால் எண்ணெய்ப் படலம் விட்டு மூச்சை அடையுங்கள். பைரிப்ராக்சிஃபென் என்ற வளர்ச்சித் தடுப்பு மருந்து போட்டால் கதை வேறு: புழு நன்றாக நீந்திக்கொண்டே இருக்கும், கொசுவாக மாறும் கட்டத்தில்தான் சாகும். மறுநாள் வந்து புழுவைப் பார்த்துவிட்டு மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். குடிதண்ணீர் என்றால் லேபிளில் குடிதண்ணீர் என்று போட்டிருக்கும் மருந்து, லேபிளில் உள்ள அளவு, அவ்வளவுதான். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடிக்கும் முன் மூடி, காற்று மோட்டாரை நிறுத்துங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

புகையே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கும் தெருவில், அதிகாலையிலோ சாயங்காலமோ, காற்று அடங்கிய நேரத்தில், ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் புகை நேரே வானத்துக்குப் போகும், அங்கே கொசு இல்லை.

உங்கள் பகுதியில் புழு கிடைத்ததிலேயே விசித்திரமான இடம் எது? கமென்டில் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் தட்டு என்று எழுதினால் லைக் கிடையாது, அதை இப்போது எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.