வெளிமான் கொம்பு ஏன் விழுறதில்லை?

(காட்சி: கிண்டி தேசியப் பூங்கா. வெயிலில் வெளிமான், மர நிழலில் புள்ளிமான்.)

ரெண்டுக்கும் பிளவுக் குளம்பு. ரெண்டும் அசை போடும். ரெண்டையும் மான்னுதான் சொல்றோம். ஆனா கொம்பை வச்சுப் பார்த்தா வெளிமான், மாட்டுக்கும் ஆட்டுக்கும் பங்காளி. புள்ளிமான் வேற குடும்பம்.

(காட்சி: புள்ளிமான் தலை, நெருக்கத்தில்.)

புள்ளிமான்ல கிடாவுக்கு மட்டும்தான் கொம்பு. முழுக்க எலும்பு, பெரும்பாலும் பக்கத்துக்கு மூணு முனை. வளரும்போது மேலே பூமயிர்த் தோல் போர்த்தியிருக்கும். அதுல ஓடுற ரத்தம்தான் கொம்பை வளர்க்குது. வளர்ந்து முடிஞ்சதும் தோல் காய்ஞ்சு உரியும். மான் அதை மரத்துல தேய்ச்சுக் கழிக்கும். மிஞ்சுறது உயிரில்லாத எலும்பு. பிறகு அடியில பிடி விட்டு அதுவும் விழுந்து, புதுசு முளைக்கும்.

(காட்சி: நெடுக்காக அறுத்த மாட்டுக் கொம்பு.)

இது அப்படியில்ல. உள்ளே நெற்றி எலும்புலயிருந்து நீண்ட தண்டு. வெளியே கெரட்டின் உறை, நம்ம நகம் எதுல ஆனதோ அதேதான். நடுவுல ரத்தமும் நரம்பும் உள்ள மெல்லிய சதை. உறை அடியிலயிருந்து வளருது, அதனால நுனிதான் ரொம்பப் பழசு. வெளிமான், வரையாடு, காட்டுமாடு எல்லாத்துக்கும் இதே அமைப்பு. கிளைக்காது, விழாது. நாலுகொம்பு மானுக்குக்கூட நாலும் தனித்தனிக் கொம்பு, கிளை இல்ல.

(காட்சி: அதே கொம்பு. அடிப்பகுதியின் வெற்றிடத்தில் அம்புக்குறி.)

மாடு வளர்க்கிறவங்க இந்த இடத்தை நல்லாப் பாருங்க. வளர்ந்த மாட்டுல தண்டு உள்ளே பொள்ளல். அந்தப் பொள்ளல் நெற்றிச் சைனஸோட, அதாவது நெற்றி எலும்புக்குள்ள இருக்கிற காற்றறையோட, சேர்ந்து மூக்கு வரைக்கும் போகுது. அடியோட கொம்பு ஒடிஞ்சா அந்தப் பக்க மூக்குல ரத்தம் வர்றது இதனாலதான். திறந்தே விட்டா ஈ மொய்ச்சுப் புழு வைக்கும், சைனஸ்ல சீழ் பிடிக்கும். சுத்தமான துணியால அழுத்திக் கட்டிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும். உறை மட்டும் கழண்டிருந்தா புது உறை கொஞ்சம் கொஞ்சமா மூடும். ஒடிஞ்ச தண்டு திரும்ப வளராது.

(காட்சி: கன்றின் தலை. விரல் கொம்புக் குருத்தைத் தடவுகிறது.)

கன்னுக்குட்டிக்குச் சுமார் ரெண்டு மாசம் வரைக்கும் இந்தக் குருத்து தோலோட மட்டும்தான் இருக்கும். விரல் வச்சா நகரும். கொம்பு வேண்டாம்னா, மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவர் குருத்தைச் சுட வேண்டிய பருவம் இதுதான். அப்புறம் அது மண்டையோட்டோட ஒட்டிடும். தண்டு பொள்ளலான பிறகு அறுத்தா, தலையில ஓட்டை விழும்.