கல்லாப்பெட்டி யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

கூகுளின் பிளே ஸ்டோர், ஆப்பிளின் ஆப் ஸ்டோர் என்று கைபேசியில் செயலிகளை இறக்குகிற கடையை நடத்துபவர், அங்கே விற்கும் சரக்குக்கான பணமும் தன் கை வழியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லலாமா, சொன்னால் எவ்வளவு கமிஷன் பிடிக்கலாம் என்பதுதான் இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. நான் கணக்கு எழுதுகிறவன். இங்கே பெங்களூரில் கோரமங்களா, எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கம் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு செயலி செய்யும் சிறு நிறுவனங்கள் சிலவற்றுக்கு மாதக் கணக்கும் ஜிஎஸ்டி தாக்கலும் பார்த்துத் தருகிறேன். அவர்களில் பலர் சேலம், கோயம்புத்தூர், ஓசூர் என்று நம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். அதனால் நான் பேசுவது பேரேட்டில் பார்த்ததை வைத்துத்தான்.

இந்தக் கமிஷன் எல்லோருக்கும் கிடையாது. அது தெரியாமல் பேசினால் விவகாரமே பிடிபடாது. ஸ்விக்கியில் இட்லி வாங்கினாலும், ஊபர் பிடித்து மெஜஸ்டிக் போனாலும், ரயில் டிக்கெட் எடுத்தாலும் அந்தப் பணத்தில் ஆப்பிளுக்கோ கூகுளுக்கோ கமிஷன் போவதில்லை. கைக்கு வரும் பொருள், நேரில் கிடைக்கும் சேவை என்றால் செயலிக்காரர் யுபிஐ வைக்கலாம், கார்டு வைக்கலாம், கேட்பாரில்லை. விளம்பரத்தை நம்பி ஓடும் செயலிகளுக்கும் கமிஷன் இல்லை. கதை கேட்கும் செயலி, வரன் பார்க்கும் செயலி, விளையாட்டு என்று திரைக்குள்ளேயே முடிந்துபோகும் சரக்கை விற்கிறவர்தான் மாட்டுகிறார். கூகுள் சொல்லும் கணக்குப்படியே பிளே ஸ்டோரில் செயலி வைத்திருக்கும் டெவலப்பர்களில் 3 சதவீதம் பேர்தான் இப்படி விற்பவர்கள். மற்றவர்கள் பதிவுக்கு ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கடை நடத்தும் செலவுக்கான கமிஷன் முழுவதும் அந்த 3 பேர் தலையில். கூகுள் இதைத் தன் தாராள மனத்துக்குச் சாட்சியாகச் சொல்கிறது. எனக்கென்னவோ அது நேர்மாறாகத்தான் படுகிறது.

ஒரு விஷயத்தில் அந்த நிறுவனங்களின் பக்கம் நின்று பேச வேண்டும். 2008 ஜூலையில் ஆப்பிள் தன் கடையைத் திறந்து 30 சதவீதம் என்று வைத்தபோது, கொள்ளை என்று பெரிதாக யாரும் கத்தவில்லை. காலர் டியூன் காலத்தை நினைத்துப் பாருங்கள். நம் செல்பேசி நிறுவனங்கள் பெரும்பங்கைத் தாங்களே வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் சரக்குக் கொடுத்தவருக்குத் தந்தன. அதற்குப் பக்கத்தில் வைத்தால் 100-க்கு 70 கையில் வருவது யோகம்தான். 2021-இல் இரண்டு நிறுவனங்களும் இன்னும் இறங்கி வந்தன. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறியவர்களுக்கு 15 சதவீதம் என்றாயிற்று. அடுத்த ஆண்டு கூகுள் சந்தாக்கள் எல்லாவற்றுக்கும் 15 ஆக்கியது. நான் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள் கட்டுவதும் இந்த 15-தான். ‘30 பிடிக்கிறான்’ என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புவதில் அர்த்தமில்லை.

சரி, அப்புறம் என்ன சண்டை என்கிறீர்களா?

வொயிட்ஃபீல்டு பக்கத்து டெக் பார்க்குகளில் ஃபுட் கோர்ட் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் தோசைக்காரரிடம் நேராகக் காசு கொடுக்க முடியாது. பொதுக் கவுன்டரில் ஓர் அட்டை வாங்கிப் பணம் ஏற்றி, அதைத்தான் எல்லாக் கடையிலும் காட்ட வேண்டும். நிர்வாகம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தோசைக்காரருக்குப் பிறகு தரும். இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். மேசை, நாற்காலி, தண்ணீர், துடைக்கிற ஆள் எல்லாம் அவர்கள் செலவு. விற்பனையில் பங்கு என்பது ஒத்துக்கொண்டு போட்ட ஒப்பந்தம். ஆனால் அது பிடிக்காத தோசைக்காரர் எதிர்ச் சாலையில் வண்டி போடலாம், மதியம் ஒரு மணிக்கு ஐடி பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயும் வந்துவிடுவார்கள். கைபேசியில் அந்த எதிர்ச் சாலை இல்லை. இந்தியாவில் 100 கைபேசியில் 95-ஐ ஒட்டி ஆண்ட்ராய்டு, மிச்சம் ஐபோன். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவரை ஆப்பிள் கடையில் போய்ப் பிடிக்க முடியாது. வேறு வழியில் செயலியை இறக்கப் போனால் ‘இது ஆபத்தாக இருக்கலாம்’ என்று கைபேசியே பயமுறுத்தும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஃபுட் கோர்ட் நிர்வாகமே ஒரு தோசைக்கடை போட்டு, அதற்கு மட்டும் அட்டை வேண்டாம் என்று வைத்தால் எப்படி இருக்கும்? வியாபாரத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் நம் நாட்டுப் போட்டி ஆணையம் இதைத்தான் பிடித்தது. கூகுளின் சொந்த யூடியூப், மற்றவர்கள் கட்டாயம் வைத்தாக வேண்டிய கூகுள் பில்லிங்கை, அதாவது கூகுளின் பணம் வாங்கும் ஏற்பாட்டை, வைத்திருக்கவில்லை. 2022 அக்டோபர் 25-ஆம் தேதி ஆணையம் 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு பற்றிய வேறொரு விவகாரத்தில் கூகுளுக்கே 1,337.76 கோடி போட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த 936 கோடியை 216.69 கோடியாகக் குறைத்தது. ஆனாலும் கூகுள் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்பதைத் தீர்ப்பாயம் மறுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே யூடியூபின் பிரீமியம் சந்தாவை ஐபோன் செயலிக்குள் வாங்கினால் விலை கூடுதல், இணையதளத்தில் குறைவு. ஆப்பிள் கமிஷனைக் கூகுளும் நம் தலையில்தான் இறக்குகிறது!

ஆணையம் சொன்ன பிறகு கூகுள் ஒரு வழி திறந்தது. ‘உங்கள் சொந்தப் பேமென்ட் ஏற்பாட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அந்த வழியாக வரும் பணத்துக்கு 4 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம்’ என்றது. அதாவது 30 கட்டினவர் 26 கட்டலாம், 15 கட்டினவர் 11 கட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு பையன் இதைக் கொண்டுவந்து மாறிவிடலாமா என்று கேட்டான். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதத்தை ஒட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி, தோற்றுப்போன கட்டணங்களைத் துரத்தும் வேலை, பணம் திருப்பிக் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள். கையில் நின்றது ஒன்றுமில்லை. ‘எதற்கு அங்கிள் இந்தத் தலைவலி’ என்று பழைய வழியிலேயே இருந்துவிட்டான். பணம் தன் வழியாக வராதபோதும் 11 பிடிக்கலாம் என்றால் அந்த 11 எதற்கான கூலி? அதற்கு ரசீதில் விவரம் கிடையாது.

இந்த வித்தை நமக்கு மட்டும் காட்டப்பட்டதல்ல. தென் கொரியா 2021-இல் உலகத்திலேயே முதலாவதாகச் சட்டம் போட்டு, கடைக்காரர் தன் பில்லிங்கைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அங்கேயும் வந்தது இதே 4 சதவீதக் கழிவுதான். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது 2020-இல் போட்ட வழக்கில், வெளியே மலிவாக வாங்கலாம் என்று செயலிக்குள் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்று நீதிபதி யுவோன் கொன்சாலெஸ் ராஜர்ஸ் 2021-இல் உத்தரவிட்டார். மேல்முறையீடுகளெல்லாம் முடிந்தபின் ஆப்பிள் இணைப்புக் கொடுக்க அனுமதித்தது, ஆனால் அந்த இணைப்பு வழியாக வெளியே போய் வாங்கினாலும் 27 சதவீதம் கேட்டது. அந்த அம்மாவுக்கு வந்த கோபம் 2025 ஏப்ரல் தீர்ப்பில் தெரிந்தது. உத்தரவை வேண்டுமென்றே மீறியதாகச் சொல்லி அந்த வசூலை நிறுத்தினார். சில நாட்களில் அமெரிக்காவில் ஐபோனில் அமேசானின் மின்புத்தகச் செயலியான கிண்டிலுக்குள் புத்தகம் வாங்க ஒரு பொத்தான் முளைத்தது. கிண்டிலில் புத்தகம் வாங்க ஏன் பிரவுசருக்குப் போக வேண்டியிருக்கிறது என்று யோசித்திருந்தால், காரணம் இந்தக் கமிஷன்தான்.

நம்மூர்ப் பஞ்சாயத்து சென்னையில் நடந்தது. பாரத் மேட்ரிமோனி போன்ற நிறுவனங்கள் கூகுளின் இந்தக் கமிஷனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2023 ஆகஸ்டில் மனுக்கள் தள்ளுபடியாயின, 2024 ஜனவரியில் மேல்முறையீடும் நிற்கவில்லை. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தர மறுத்தது. மார்ச் 1, வெள்ளிக்கிழமை, கமிஷன் கட்டாத 10 நிறுவனங்கள் மீது கூகுள் கைவைத்தது. அவற்றின் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து மறைந்தன. மறுநாளே மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதை அனுமதிக்க முடியாது என்றார், பேச்சுவார்த்தை நடந்தது, சில நாளில் செயலிகள் திரும்பி வந்தன. அந்த நிறுவனங்கள் பெரியவை, அமைச்சர் தலையிட்டார். கோரமங்களா மாடி அறையில் இருக்கும் என் பிள்ளைகளின் செயலி அப்படிப் போனால் யாரிடம் போய்ச் சொல்வது? கமிஷன் சதவீதத்தைவிட எனக்கு இதுதான் பயம். சரக்கைத் தேடித் தரும் அதிகாரமும், பணம் வாங்கும் அதிகாரமும், கடையை விட்டுத் தூக்கும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. தகராறு பணத்தைப் பற்றியது, தண்டனையோ கடையே காலி.

‘பாதுகாப்புக்காகத்தான் பில்லிங்கைக் கையில் வைத்திருக்கிறோம்’ என்பார்கள். செயலியைச் சோதிப்பது தேவைதான், மறுக்கவில்லை. அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்து மிரட்டிய செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து ஆயிரக்கணக்கில் நீக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடன் செயலிகளின் பணம் கூகுள் பில்லிங் வழியாகப் போனதே இல்லை. சோதனை வேறு, வசூல் வேறு. 3,000 ரூபாய் பஸ் டிக்கெட்டை யுபிஐயில் எடுப்பது பத்திரம், 99 ரூபாய் கதைச் சந்தாவை யுபிஐயில் கட்டுவது ஆபத்து என்றால் யார் நம்புவது? அதோடு, ஐபோனில் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது டெவலப்பர் கையிலேயே இல்லை, ஆப்பிள்தான் கொடுக்க முடியும். வாடிக்கையாளர் திட்டுவது மட்டும் டெவலப்பரை.

செயலிக்காரர்களும் உத்தமர்கள் இல்லை. ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் பாருங்கள் என்று ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் சம்மதம் வாங்கி, எட்டாம் நாள் சத்தமில்லாமல் சில நூறு ரூபாயை உருவும் செயலிகள் எத்தனை! கடைக்காரரின் பில்லிங் என்றால் சந்தாக்கள் ஒரே இடத்தில் தெரியும், ஒரே தட்டில் நிறுத்தலாம். அந்த வசதி நிஜம். ஆனால் 2020 ஜூலையில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கொண்டுவந்த யுபிஐ ஆட்டோபேயிலும் அதே வசதி இருக்கிறது. நம் யுபிஐ செயலிக்குள் போய் நாமே நிறுத்தலாம். பெரும்பாலானவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் சிக்கல்.

என் கருத்தைக் கேட்டால், கடை நடத்துகிறவர் கூலி கேட்கட்டும். பட்டியல் போட இவ்வளவு, சோதிக்க இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, 3 சதவீதம் பேருக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும் கேட்கட்டும். பேமென்ட் அவர் வழியாக வந்தால் கேட்வேகளோடு போட்டி போடும் விலையில் அதற்கும் வாங்கட்டும். வராத பணத்தில் சதவீதம் கூடாது. வெளியே விலை குறைவு என்று செயலிக்குள் எழுதுவதைத் தடுக்கக் கூடாது. பணத் தகராறு நடக்கும்போது, மூன்றாமவர் ஒருவர் விசாரிக்கும் வரை செயலியைத் தூக்கக் கூடாது. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு, தவறு நடந்தபின் அபராதம் போடுவதை விட்டு முன்கூட்டியே விதி வைக்கப் பார்த்தது. எனக்கு அந்தப் பாதை சரியென்று படுகிறது. பெங்களூரிலேயே இருக்கும் ஃபோன்பே 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோர் என்று ஒரு கடை திறந்து, எந்தப் பேமென்ட் கேட்வேயையும் வைத்துக்கொள்ளலாம், கமிஷன் இல்லை என்றது. நல்ல முயற்சிதான். ஆனால் உங்களில் எத்தனை பேர் கைபேசியில் அது இருக்கிறது?

அதுவரை நம்மால் ஆனது, அடுத்த முறை ஏதாவது சந்தாவைப் புதுப்பிக்கும்போது, செயலிக்குள் இருக்கும் விலையையும் அவர்களுடைய இணையதள விலையையும் ஒரு தரம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அப்படியே யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் திறந்து பாருங்கள், மறந்துபோன சந்தா ஒன்றிரண்டு அதில் கிடக்கலாம்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.